வாய் திறக்க மாட்டேங்கறான் டாக்டரம்மா: வாசகர் கேள்வி-பதில்

போன இதழ்ல பால் பல்லு பத்தி எழுதினதுக்கு வந்த கடுதாசி, வாட்ஸ்அப் எல்லாம் எடுத்துப் பாத்தா பாதிக்கு மேல ஒரே சங்கதி. மனவளர்ச்சி குறைவான குழந்தைக்கு பல்லு தேய்க்கறது எப்படின்னு. வேலந்தாவளம், வடகரப்பதி, கோபாலபுரம், மீனாட்சிபுரம்னு நம்ம பாலக்காட்டு சித்தூர் தாலூகாவுல தமிழ்நாட்டு பார்டர் ஊருங்கதான் நெறைய. அதனால இந்த வாட்டி முழுக்க இதுக்கே. யார் பேரும் போடல.

வேலந்தாவளத்துல இருந்து ஒரு அம்மா: பையனுக்கு ஒம்பது வயசுங்க, பேச்சு ரெண்டு மூணு வார்த்தைதான். காலைல பிரஷ்ஷ எடுத்தாலே ஓடிருவான். அவங்கப்பா கையப் புடிச்சுக்குவாரு, நான் தலையப் புடிச்சு தேய்ப்பேன், தெனமும் அழுகைதான், ரெண்டு பிரஷ்ஷக் கடிச்சே ஒடச்சுட்டான். ஸ்கூல்ல மிஸ் "அவனே பண்ணட்டும், அப்பத்தான் தனியா செய்யப் பழகுவான்"ங்கறாங்க. அவன் கையில குடுத்தா பேஸ்ட்ட சப்பிட்டு பிரஷ்ஷ வீசிடறான். பல்லெல்லாம் மஞ்சளா கெடக்கு. என்ன பண்றதுங்க டாக்டரம்மா?

மிஸ் சொல்றதும் சரிதான், நீங்க கவலப்படறதும் சரிதான் தங்கச்சி, ஆனா ரெண்டையும் ஒரே நேரத்துல பண்ணப் பாக்கறதுதான் வம்பு. பல்லு தேய்க்கக் கத்துக் குடுக்கறது ஒரு வேலை, பல்ல சுத்தமா வெக்கறது வேற வேலை. காலைல அவன் கையில குடுங்க, எப்படி வேணா தேய்க்கட்டும், ராத்திரி சாப்ட்டு முடிச்சு தூங்கப் போறதுக்கு முன்னாடி நீங்க தேய்ச்சு விடுங்க. ராத்திரி ஏன்னா தூங்கும்போது எச்சில் ஊர்றது கம்மியாயிரும், பல்லு இடுக்குல இருக்கறத கழுவி விட ஒண்ணும் இருக்காது, சொத்தை வளர்றதெல்லாம் அப்பத்தான். ஒரு கொறையும் இல்லாத குழந்தைக்கே ஏழெட்டு வயசு வரைக்கும் கை வாகு பத்தாது, பெரியவங்க ஒரு தடவ தேய்ச்சு விடணும்னுதான் நாங்க சொல்றது, உங்க பையனுக்கு இன்னும் பல வருஷம் நீங்க செய்ய வேண்டி இருக்கும், அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல, அவன் தனியா செய்யறதக் கெடுக்கறதாவும் ஆகாது.

அடுத்தது எடம். பாத்ரூம மறந்துருங்க. பேசினுக்கு முன்னாடி நீங்க எதிர்ல நின்னு தேய்ச்சா உங்களுக்கு முன்பல்லு நாலு தெரியும், அவனுக்கு ஓட வழி தெரியும். பாயில உக்காந்துக்கிட்டு அவன மல்லாக்கப் படுக்க வெச்சு தலைய மடியில வெச்சுக்கங்க, மேல நல்ல லைட்டு. படுக்க மாட்டேன்னா பிளாஸ்டிக் சேர்ல உக்கார வெச்சு நீங்க பின்னால நின்னு அவன் தலைய உங்க வயித்துல சாய்ச்சுக்கிட்டு இடது கையால தாடையத் தாங்கிக்கங்க. டிவி ஓடினாலும் ஓடட்டும், பரவால்ல.

மொதல்ல கொஞ்ச நாளைக்கு பேஸ்ட்டே வேணாம். சின்னத் தலை இருக்கற சாஃப்ட் பிரஷ், தண்ணியில நனைச்சது, அவ்வளவுதான். நெறைய குழந்தைங்களுக்கு புதினா பேஸ்ட் காரமா எரியும், நமக்கு ஜில்லுன்னு இருக்கறது அவனுக்கு மொளகா கடிச்ச மாதிரி இருக்கலாம், சொல்லத் தெரியாது, அதனால கடிக்கறான். அப்பறமா நொரை கம்மியா, வாசன லேசா இருக்கற பேஸ்ட்ட அரிசி அளவு தடவுங்க. மொத நாளு உதட்டுல மட்டும் பிரஷ்ஷ வெச்சு எடுங்க, அடுத்து முன்பல்லு, அப்பறம் ஒரு பக்கம். ஒவ்வொரு தடவையும் சத்தமா ஒண்ணு ரெண்டு மூணுன்னு பத்து வரைக்கும் எண்ணுங்க, பத்துல நிறுத்திருங்க. அவன் நல்லா வாயத் தொறந்துட்டு இருந்தாலும் நிறுத்துங்க. இதுதான் முக்கியம், ஏன்னா பத்து வந்தா முடிஞ்சிரும்ங்கற நம்பிக்கை அவனுக்கு வரணும். நல்லா காட்டறானேன்னு இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம்னு இழுத்தீங்கன்னா மறுநாள் வாயே தொறக்க மாட்டான். தெனம் அதே நேரம், அதே பாய், அதே பாட்டு.

பல்ல இறுக்கிக் கடிச்சுட்டு இருந்தா சண்ட போடாதீங்க, கடிச்ச பல்லுலயே வெளிப்பக்கம் முழுக்க தேய்ச்சிரலாம், அது பாதி வேலை. வெரல பல்லுக்கு நடுவுல விடாதீங்க, கன்னத்துக்கு உள்பக்கமா ஓரத்துல விட்டு உதட்ட லேசா வெலக்குங்க, அங்க கடிபடாது. உள்பக்கத்துக்கு சுத்தமான துணிய கெட்டியா சுருட்டி ஒரு பக்கக் கடவாப்பல்லுல வெச்சா இன்னொரு பக்கம் தொறந்து நிக்கும், ஆனா இத ஒரு தடவ பல் டாக்டர்கிட்டயோ தெரப்பிஸ்ட்கிட்டயோ நேர்ல பாத்துட்டு செய்ங்க. ஸ்பூனு, கட்டை, குச்சியெல்லாம் வெச்சு நெம்பக் கூடாது, பல்லு ஒடைஞ்சு தொண்டைக்குள்ள போயிரும்.

கையக் காலப் புடிச்சு தேய்க்கறது எனக்குப் புடிக்காது, ஒளிக்காம சொல்லிடறேன். வலி, சீழு, அவசரம்னா ஆஸ்பத்திரியில புடிக்க வேண்டி வரலாம், அது வேற. தெனமும் வீட்ல ரெண்டு பேரு சேந்து புடிச்சா அவனுக்கு பிரஷ்ஷுன்னாலே சண்டைன்னு பதிஞ்சிரும். ஒரு நாளு முடியலையா, ஈரத்துணிய வெரல்ல சுத்தி தொடைச்சு விட்டுட்டு தூங்க வெச்சிருங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்.

காலைல கத்துக் குடுக்கறப்ப கடைசிப் படியில இருந்து ஆரம்பிங்க. எல்லாம் நீங்க பண்ணிட்டு பிரஷ்ஷ அலசி டம்ளர்ல போடறது மட்டும் அவன், போட்டதும் ஒரு கைதட்டல். அது வந்துட்டா அதுக்கு முந்தின படி. ஒவ்வொரு படியையும் போட்டோ எடுத்து செவுத்துல ஒட்டினா இன்னும் சுளுவு. கைப்புடி மெலிசா இருந்தா நழுவும், சைக்கிள் கடையில ஹேண்டில் ரப்பர் கேட்டு வாங்கி மாட்டி விடுங்க.

கொழிஞ்சாம்பாறையில இருந்து ஒரு சித்தி: அக்கா பொண்ணுக்கு பதினோரு வயசு, பேச்சு இல்ல. கொஞ்ச நாளா தன்னோட கன்னத்துல தானே அடிச்சுக்கறா, ராத்திரி எந்திரிச்சு கத்தறா, சாதத்த துப்பிடறா. கண்ணேறுன்னு மந்திரிச்சு கயிறு கட்டியாச்சு. இன்னொருத்தர் "இந்தக் குழந்தைங்க வயசுக்கு வர்றப்ப இப்படித்தான்"ங்கறாங்க. பல்லா இருக்குமோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

உங்க சந்தேகம் நல்ல சந்தேகம். கயிறு கட்டினது இருக்கட்டும், இந்த வாரமே வாயப் பாக்கச் சொல்லுங்க. பேச்சில்லாத குழந்தைக்கு திடீர்னு நடவடிக்கை மாறினா, அதுவும் கன்னம், காது, தாடைன்னு கை போனா, மொதல்ல பாக்க வேண்டியது பல்லும் காதும்தான். "இந்தக் குழந்தைங்க இப்படித்தான்"ங்கற ஒரு வார்த்தையில எத்தன சொத்தை மறைஞ்சு கெடக்குது தெரியுமா, கேட்டாலே எனக்குக் கோவம் வரும். ஒரு பக்கமாவே மெல்றது, பச்சத்தண்ணி குடிச்சா மொகம் சுளிக்கறது, முறுக்கு தின்னுட்டு இருந்தவ திடீர்னு கஞ்சி மட்டும் கேக்கறது, எச்சில்ல ரத்தம், வாய் நாத்தம், ஈறுல சின்னக் கொப்புளம், இதெல்லாம் பாருங்க. போன் டார்ச்ச அடிச்சு, சிரிக்கறப்பவோ கொட்டாவி விடறப்பவோ ஒரு போட்டோ எடுத்துட்டா டாக்டருக்கு பாதி வேலை மிச்சம். கன்னம் வீங்கி காய்ச்சலும் சேந்து வந்தா அன்னிக்கே தூக்கிட்டுப் போங்க, வாரக்கணக்கெல்லாம் பாக்காதீங்க.

சொத்தைன்னா உடனே மெஷின் வெச்சு கடைவாங்கன்னு பயப்பட வேணாம். ஆழமில்லாத சொத்தைக்கு சில்வர் டயமைன் ஃப்ளோரைடுன்னு ஒரு மருந்து இருக்கு, தொட்டு வெச்சா சொத்தை பரவறது நிக்கும், ஊசி வேணாம், மெஷின் வேணாம், ஆனா சொத்தை இருந்த எடம் கறுப்பாயிரும். முன்பல்லுன்னா யோசிப்பாங்க, கடவாப்பல்லுக்கு கறுப்பானா என்ன. நரம்பு வரைக்கும் போயிருந்தா, குழந்தை உக்காரவே மாட்டேன்னா, மயக்கம் குடுத்து ஒரே நாள்ல எல்லாப் பல்லையும் பாத்து முடிக்கறதும் உண்டு.

வடகரப்பதியில இருந்து ஒரு தாத்தா: எங்க காலத்துல உமிக்கரியும் உப்பும்தான், எனக்கு இப்பவும் பல்லு கல்லாட்டம் இருக்கு. பேரனுக்கு (ஏழு வயசு, புத்தி கொஞ்சம் மந்தம், துப்பத் தெரியாது) அதையே தேய்க்கறேன். மருமக பேஸ்ட்தான் வேணும்ங்கறா. எங்க போர் தண்ணியில ஃப்ளோரைடு இருக்கு, பேஸ்ட்லயும் ஃப்ளோரைடு, ரெண்டும் சேந்தா எலும்பு போயிருமுல்ல?

ஐயா, தண்ணி விஷயத்துல நீங்க பயப்படறது நியாயம். சித்தூர் பக்கம், நம்ம கெழக்கு பாலக்காட்டுல பல போர்ல ஃப்ளோரைடு ஜாஸ்தி, பல்லுல வெள்ளத் திட்டும் காவித் திட்டுமா இருக்கற குழந்தைங்கள நீங்களே பாத்திருப்பீங்க. குடிதண்ணியில லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைக்கும்தான் நல்லது, வேற தண்ணி கெடைக்காத எடத்துல 1.5 வரைக்கும்னு அரசாங்கக் கணக்கு. ஆனா இந்தக் கணக்கப் பாருங்க. உங்க போர்ல லிட்டருக்கு 2 மில்லிகிராம்னு வெச்சுக்கங்க, பையன் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் குடிச்சா 2 மில்லிகிராம் உள்ள போகுது. 1000 பிபிஎம் பேஸ்ட்ட (அதாவது ஒரு கிராம் பேஸ்ட்ல 1 மில்லிகிராம் ஃப்ளோரைடு) அரிசி அளவு தடவினா அதுல மொத்தமே 0.1 மில்லிகிராம்தான், முழுசா முழுங்கினாலும் அவ்வளவுதான். அப்ப சண்ட போட வேண்டியது தண்ணியோட, மருமகளோட இல்ல.

தண்ணிய பாட்டில்ல புடிச்சு வாட்டர் அத்தாரிட்டி லேப்ல குடுத்து டெஸ்ட் பண்ணுங்க. ஜாஸ்தின்னா குடிக்கவும் சமைக்கவும் பைப் தண்ணியோ ஆர்ஓ தண்ணியோ எடுங்க. காய்ச்சினா போயிரும்னு ஊர்ல சொல்றாங்க, போகாது, தண்ணி வத்த வத்த இன்னும் கெட்டியாகும். பல்லு ஈறுக்குள்ள உருவாகற எட்டு வயசு வரைக்கும்தான் இந்தத் திட்டு விழற காலம், அதனால உங்க பேரனுக்கு இப்பவே பாருங்க. துப்பத் தெரியாதவனுக்கு பட்டாணி அளவெல்லாம் வேணாம், அரிசி அளவு போதும், வழியறத துண்டுல தொடைச்சு விடுங்க, தண்ணி ஊத்தி கொப்பளிக்க வெக்க வேண்டியதில்ல, லேசா ஒட்டி இருக்கற பேஸ்ட்தான் பல்லுக்கு வேலை செய்யும். தண்ணி ரிப்போர்ட்டு ரொம்ப ஜாஸ்தியா வந்தா அதையும் எடுத்துட்டுப் போயி டாக்டர்கிட்ட பேஸ்ட் பத்தி கேளுங்க.

உமிக்கரி வேணாங்க. அது பல்லு மேல்தோல ராவி எடுக்கும், சொத்தையத் தடுக்கற ஃப்ளோரைடு சத்தும் அதுல இல்ல. அதுக்கும் மேல, முழுங்கறதுல கொழப்பம் இருக்கற குழந்தைக்கு பொடிய வாயில போட்டா மூச்சுக்கொழாயில போயி இருமும். வேப்பங்குச்சியும் அப்படித்தான், தலைய ஆட்டறவன் அண்ணத்துல குத்திக்குவான். உங்க பல்லு நல்லா இருக்கறதுக்கு, சின்ன வயசுல நீங்க பாக்கெட் பிஸ்கட்டும் சாக்லேட்டும் பாக்காததும் ஒரு காரணம்னு நான் நெனைக்கறேன்.

கோபாலபுரத்துல இருந்து ஆட்டோ ஓட்டற ஒரு அப்பா: மகளுக்கு டவுன் சிண்ட்ரோம் (பொறப்புலயே வர்ற குரோமோசோம் கோளாறு), பதிமூணு வயசு. அவளே நல்லா பிரஷ் பண்ணுவா. இப்ப ஈறுல ரத்தம் வருது, பயந்து பிரஷ்ஷ நிறுத்திட்டோம். சின்ன வயசுல ஹார்ட் ஆபரேஷன் ஆச்சு. பல்லு க்ளீன் பண்ணலாமா?

நிறுத்தாதீங்க அண்ணா, ரத்தம் வர்ற எடத்துலதான் தேய்க்கணும். ஈறு ஓரத்துல அழுக்கு தங்கி வீங்கியிருக்கு, அதான் ரத்தம், சாஃப்ட் பிரஷ்ஷ ஈறு ஓரத்துல சாய்ச்சு வெச்சு மெதுவா சுத்தி சுத்தி தேய்ச்சா பெரும்பாலும் ரெண்டு வாரத்துல கொறையும். டவுன் சிண்ட்ரோம் குழந்தைங்களுக்கு சொத்தை கம்மியா இருக்கலாம், பல்லு லேட்டா மொளைக்கும், சிலது மொளைக்காமயே போகும், ஆனா ஈறு நோய் மட்டும் சீக்கிரமே வந்து நிக்கும், உடம்போட எதிர்ப்பு சக்தியும் ஒரு காரணம், வாயாலயே மூச்சு விடறதும் ஒரு காரணம். கீழ முன்பல்லு சின்ன வயசுலயே ஆடிப் போறத நான் நெறைய பாத்திருக்கேன். அதனால அவ தேய்ச்சதுக்கு அப்பறம் நீங்களோ அவங்கம்மாவோ ஒரு தடவ தேய்ச்சு விடுங்க, மூணு மாசத்துல இருந்து ஆறு மாசத்துக்குள்ள ஒரு தடவ பல் டாக்டர்கிட்ட பல்லுக் காரைய (பல்லுல கெட்டியாப் படிஞ்ச அழுக்கு) எடுத்துருங்க. படுக்க வெச்சு தேய்க்கறப்ப கழுத்த ரொம்பப் பின்னால வளைக்காதீங்க, இவங்களுக்கு கழுத்தெலும்பு மூட்டு தளர்வா இருக்கலாம்.

ஹார்ட் விஷயம், மறக்காம பல் டாக்டர்கிட்ட மொதல்லயே சொல்லுங்க, ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரியும் கடைசி எக்கோ (ஹார்ட் ஸ்கேன்) ரிப்போர்ட்டும் கையில கொண்டு போங்க. காரை எடுக்கறதுக்கு முன்னாடி ஆன்டிபயாடிக் எல்லாருக்கும் வேண்டியதில்ல, செயற்கை வால்வு வெச்சவங்க, ஒட்டுப் போட்ட எடத்துல இன்னும் கசிவு இருக்கறவங்கன்னு சிலருக்குத்தான், உங்க ஹார்ட் டாக்டர் எழுதிக் குடுக்கட்டும். கடையில நீங்களா வாங்கிக் குடுக்காதீங்க.

மீனாட்சிபுரம், ஒரு பாட்டி: பேத்திக்கு ஃபிட்ஸ் மாத்திரை சாப்பிட ஆரம்பிச்சதுல இருந்து ஈறு வளந்து பல்லையே மூடுது. மாத்திரைய நிறுத்திடலாமா?

நிறுத்தவே கூடாதும்மா, திடீர்னு நிறுத்தினா வலிப்பு விடாம வந்து உயிருக்கே ஆபத்தாயிரும். ஃபெனிட்டாயின்ங்கற மருந்துக்கு ஈறு வளர்றது தெரிஞ்ச விஷயம். அட்டையில அந்தப் பேரு இருக்கான்னு பாத்துட்டு நரம்பு டாக்டர்கிட்ட மாத்த முடியுமான்னு கேளுங்க, முடியாதுன்னா சுத்தமா தேய்ச்சா வளர்ச்சி கட்டுப்படும், ரொம்ப மூடிட்டா வெட்டி எடுக்கலாம். சிரப்பா குடுக்கறவங்களுக்கு ஒண்ணு: நெறைய சிரப்புல சர்க்கரை இருக்கு, ராத்திரி மருந்து குடுத்துட்டு அப்படியே தூங்க வெக்காதீங்க, மருந்துக்கு அப்பறம் பிரஷ்.

எருத்தேம்பதி பக்கம் பட்ஸ் ஸ்கூல்ல (மனவளர்ச்சி குறைவான குழந்தைங்களுக்கு பஞ்சாயத்து நடத்தற ஸ்கூல்) வேலை செய்யற ஒரு ஆயா: மத்தியானம் சாப்ட்டதும் எல்லாருக்கும் பிரஷ் பண்ணி விடறோம். பிரஷ்ஷெல்லாம் ஒரே மக்குல போட்டு வெக்கறோம். இது சரிங்களா?

மத்தியானம் பிரஷ் பண்ணி விடறீங்களே, அதுக்கே ஒரு கும்புடு. மக்கு மட்டும் வேணாம். ஒருத்தர் வாயில இருக்கறது இன்னொருத்தருக்குப் போயிரும், ஈறுல ரத்தம் வர்ற குழந்தைங்க வேற இருப்பாங்க. ஒரு பலகையில ஆணி வரிசையா அடிச்சு, ஒண்ணுக்கொண்ணு படாம தொங்க விடுங்க, மூடி போடாதீங்க, காத்துல காயட்டும், படிக்கத் தெரியாதவங்களுக்கு கலர் நூலோ அவங்க போட்டோவோ. பேஸ்ட் ட்யூப்ப பிரஷ்ல தொட வெக்காம, ஒரு தட்டுல தனித்தனியா புள்ளி புள்ளியா வெச்சு ஒவ்வொரு பிரஷ்லயும் எடுங்க. ஒரு குழந்தை முடிஞ்சா க்ளவுஸ் மாத்துங்க. நாரு விரிஞ்சா தூக்கிப் போடுங்க, கடிக்கற குழந்தைக்கு மூணு மாசமெல்லாம் தாங்காது.

சோறு கன்னத்துல ஒதுக்கி வெச்சுக்கற குழந்தை கண்டிப்பா இருக்கும், பிரஷ்ஷுக்கு முன்னாடி வெரல்ல துணி சுத்தி கன்னப் பையத் தொடைங்க. அப்பறம் உங்க டீச்சருங்ககிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க, எழுதினதுக்கு ஒரு மிட்டாய், உக்காந்ததுக்கு ஒரு மிட்டாய்னு பரிசு குடுக்கறத விடச் சொல்லி. நாளெல்லாம் வாயில இனிப்பு ஊறிட்டே இருந்தா நீங்க மத்தியானம் தேய்க்கறதுல என்ன பிரயோஜனம்? சர்க்கரை வரட்டி (வெல்லப்பாகு போட்ட நேந்திரங்கா வறுவல்), பிஸ்கட்ட டீயில நனைச்சு ஊட்டறதெல்லாம் அதே கணக்குதான், பல்லுல பசையா ஒட்டும். ஸ்டிக்கர், சோப்புக் குமிழி, பாட்டு, தூக்கிச் சுத்தறது, எவ்வளவோ இருக்கு.

பேர், ஊர் வேணாம்னு ஒரு அம்மா: என் குழந்தைக்கு செரிப்ரல் பால்சி (மூளை பாதிப்பால உடம்பு அசைவு சரியா வராதது), மூக்கு ட்யூப்லதான் சாப்பாடு. வாயால ஒண்ணும் சாப்பிடறதில்லையே, பல்லு எதுக்குத் தேய்க்கணும்?

தேய்க்கணும் தங்கச்சி, இவங்களுக்குத்தான் ரொம்ப அவசியம். மெல்லாத வாயில காரை சீக்கிரம் படியும், அந்தக் கிருமி எச்சிலோட நுரையீரலுக்குப் போனா நிமோனியா. நல்லா நிமித்தி உக்கார வெச்சோ ஒருக்களிச்சோ வெச்சு, தண்ணிய ஒதறின பிரஷ்ல லேசா பேஸ்ட் தடவி தேய்ச்சு, ஈரத்துணியில தொடைச்சு எடுத்திருங்க. மல்லாக்கப் படுக்க வெச்சு தேய்க்காதீங்க, மேல வேலந்தாவளத்து அம்மாவுக்கு சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. வாந்தி எடுத்தா உடனே தேய்க்க வேணாம், வாய மட்டும் தொடைச்சு விட்டு அரை மணி நேரம் கழிச்சு தேய்ங்க, புளிச்ச வாந்தியில பல்லு எளகி இருக்கும்.

கோவிந்தாபுரத்துல இருந்து ஒரு அண்ணன்: தம்பிக்கு பல்லு காட்டணும். கோயமுத்தூர்தான் பக்கம், ஆனா எங்க கார்டெல்லாம் கேரளா. அங்க செல்லுமா? எங்க போறது?

யூடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) நாடு முழுக்க செல்லும், அதுல கேரளா தமிழ்நாடுன்னு இல்ல. மத்திய அரசு நேஷனல் டிரஸ்ட்டோட நிராமயா மருத்துவ இன்ஷூரன்ஸ் எடுத்து வெச்சுக்கங்க, ஆட்டிசம், செரிப்ரல் பால்சி, அறிவுசார் குறைபாடு, பல குறைபாடு சேந்து இருக்கறவங்களுக்கு வருஷத்துக்கு 1 லட்சம் வரைக்கும், பல்லுக்கும் ஒரு சின்னத் தொகை தனியா இருக்கு. எந்த ஆஸ்பத்திரின்னாலும் காட்டிட்டு பில்லக் குடுத்து பணம் வாங்கிக்கலாம், அதனால பில்லு, பிரிஸ்கிரிப்ஷன் ஒண்ணையும் தொலைச்சிராதீங்க. மாநில அரசு கார்டு மட்டும் பார்டர் தாண்டினா சிக்கல், போறதுக்கு முன்னாடி போன்ல கேட்டுக்கங்க. தம்பி பதினெட்டுக்குள்ளன்னா மாவட்ட டிஇஐசி சென்டர்ல (குழந்தைங்க குறைபாட்ட சீக்கிரமே கண்டுபிடிச்சுப் பாக்கற அரசு மையம்) கேக்கலாம், பள்ளிக்கூடக் குழந்தைங்க ஸ்க்ரீனிங்ல சொத்தையும் சேத்தி. பெரிய வேலைன்னா திருச்சூர், கோழிக்கோடு அரசு டென்டல் காலேஜ்ல குழந்தைப் பல் பிரிவு இருக்கு.

மொத தடவ வைத்தியமே பண்ண வேணாம்னு சொல்லிட்டுப் போங்க. சேர்ல உக்காரட்டும், சேர் மேல கீழ போறதப் பாக்கட்டும், கண்ணாடிய கையில வாங்கிப் பாக்கட்டும், வந்துருங்க. காலைல மொத டோக்கன் கேளுங்க, கூட்டத்துல ரெண்டு மணி நேரம் உக்கார வெச்சா அதுக்கப்பறம் எந்த டாக்டரும் ஒண்ணும் பண்ண முடியாது. அவனுக்கு புடிச்ச துண்டு, வீட்டு பிரஷ், என்ன சத்தத்துக்கு பயப்படுவான்ங்கறது ஒரு சீட்டுல எழுதினது, மருந்து லிஸ்ட்டு, இவ்வளவும் பையில இருக்கட்டும். "இந்த மாதிரி குழந்தைங்கள நாங்க பாக்கறதில்ல"ன்னு ஒருத்தர் சொன்னா வாக்குவாதம் வேணாம், பாக்கறவங்க யாருன்னு கேட்டு அட்ரஸ் வாங்கிட்டு வெளிய வந்துருங்க.